இரண்டு முனையிலும் எர்த்

மார்ச் 3

என் கணவரின் தங்கைக்கு,

நலம். நீயும் நலம் என்று உன் அண்ணன் சொன்னார். அவர் சொல்வதில் பாதியைத்தான் நான் நம்புவது வழக்கம் என்றாலும் இதை நம்புகிறேன்.

பத்து மாதம் கழித்து எழுதுகிறேன். சமாதானம் பேச எழுதவில்லை. எனக்கு ஒரு காகிதம் வேண்டும். இந்த வீட்டில் நெட்வொர்க் வயரை எந்த வழியாக இழுத்தாய், எதை எதோடு இணைத்தாய் என்ற வரைபடம் உன்னிடம் இருக்கும். வரைபடம் இல்லாமல் நீ பல்புகூட மாட்ட மாட்டாய். அதை அனுப்பு.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீயாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்வாய். ஒலிநூல் நிறுவனத்துக்குப் பதினொரு வருடமாக வீட்டிலிருந்தபடியே பிழை கேட்கிறேன். புத்தகம் அவர்கள் இடத்திலிருந்து நெட்வொர்க் வழியாகவே என் மேஜைமேல் உள்ள, ஹெட்போன் செருகும் பெட்டிக்கு ஓடி வரும். வாசிப்பவர் விட்ட சொல், மூச்சிரைப்பு, தாள் புரளும் சத்தம் எல்லாவற்றையும் நிமிடம் வினாடியோடு குறித்து அனுப்புவேன். ஒருமுறை கேட்டால் போதும் எனக்கு, எந்த இடத்தையும் திரும்ப ஓட்டிக் கேட்டதில்லை. பழைய வீட்டில் இருந்தவரை ஒரு புகார் வந்ததில்லை.

இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் ஹெட்போனில் ஒரு 'ஸ்ஸ்ர்ர்'. சில மாதமாக நடுநடுவே ஒரு 'டிக்'கும். போன மாதம் ஒரு நாவலில் இருநூற்றுப் பதினான்கு இடங்களில் சத்தம் இருப்பதாகக் குறித்து அனுப்பினேன். வாசித்தவர் இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனை இடத்தையும் மறுபடி வாசித்தார். அதன் பிறகுதான் பழைய பதிவைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். இருநூற்றுப் பதினான்கில் பதினேழுதான் நிஜம்.

மேலாளர் மரியாதையாகத்தான் எழுதினார். இன்னும் ஒரு புத்தகம் அனுப்புவாராம், அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமாம். அந்த முடிவு என்ன என்று எனக்குத் தெரியும். எனக்கு வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

நீ சொன்னதை நான் மறக்கவில்லை. புதுவீட்டைப் பார்க்க வந்த இருபது பேருக்கு நடுவில், கையில் காபித் தம்ளரோடு நின்று, "சத்தம் வயர்ல இல்ல அண்ணி, உங்க காதுல இருக்கு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் அண்ணனும் சிரித்தார். அதற்கு அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

போன் செய்யாதே. எழுது.

இப்படிக்கு,
உன் அண்ணனின் மனைவி


மார்ச் 9

அண்ணிக்கு,

'என் கணவரின் தங்கைக்கு' என்று தொடங்கியதைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோ என்று பயந்துவிட்டேன். வரைபடம் இதோடு இருக்கிறது. மடிக்காமல் அனுப்ப உறை கிடைக்கவில்லை.

நான் இப்போது ஒரு மலைக்குள் இருக்கிறேன். சுரங்கப்பாதை தோண்டுகிறார்கள். உள்ளே ஊறுகிற தண்ணீரை வெளியேற்ற ஒன்பது பம்ப். தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று சொல்லும் கருவிகளும் அவற்றின் வயர்களும் என் பொறுப்பு. அதில் பிழை வந்தால் ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டும். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட நின்றதில்லை. எனவே உங்கள் ஹாலுக்கும் படிப்பறைக்கும் நடுவில் உள்ள பன்னிரண்டு மீட்டர் வயரில் நான் கோட்டை விட்டிருப்பேன் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், பார்த்துவிடலாம். முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். அந்த வயரில் வருவது குரல் அல்ல, வெறும் எண்கள். எண்கள் வழியில் அழுக்காவதில்லை. ஆனால் அதே வயரைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உள்ள அடாப்டர், விளக்கு, சார்ஜர் எல்லாவற்றின் மின்சார இரைச்சலும் உங்கள் பெட்டிக்குள் ஏறிவிடலாம். பெட்டிக்குள் எண்களைக் குரலாக்கிப் பெரிதுபடுத்தும் இடத்தில் அது நுழைந்தால், குரலோடு சேர்த்து அதையும் பெட்டி பெரிதாக்கும். அதற்கு எது குரல், எது குப்பை என்று தெரியாது.

புத்தகம் எதையும் ஓடவிடாதீர்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பெட்டியின் பின்னால் உள்ள நெட்வொர்க் வயரை மட்டும் உருவுங்கள். சத்தம் நின்றால் வயர். நிற்காவிட்டால் வேறு. என்ன கேட்டது என்று உள்ளபடி எழுதுங்கள்.

அன்று சொன்னது வேடிக்கைக்கு. உங்களுக்கு வேடிக்கை பிடிக்காது என்பது இருபது பேருக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஃப்யூஸ்


மார்ச் 16

ஃப்யூஸுக்கு,

உருவினேன், 'ஸ்ஸ்ர்ர்' நின்றது. செருகினேன், வந்தது. பதினாறு தடவை செய்தேன். பதினாறு தடவையும் அப்படித்தான்.

வயர்.

இதை ஒரு வரியில் தனியாக எழுதியிருப்பதைக் கவனித்திருப்பாய். சட்டம் போட்டு மாட்டலாம் என்றும் யோசித்தேன்.

சாட்சிக்கு உன் அண்ணனை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினேன். "கேக்குதா?" என்றேன். "ஒண்ணும் கேக்கல" என்றார். "இப்போ?" "இப்பவும் ஒண்ணும் கேக்கல. நீ கேக்கறது மட்டும் கேக்குது." தினமும் நாற்பது பிள்ளைகள் கத்துகிற பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவரைச் சாட்சிக்கு அழைத்தது என் தப்பு.

'டிக்' மட்டும் வயரை உருவினாலும் வருகிறது. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அரை மணிக்கு ஒன்று வரும், பிறகு ஐந்து நிமிடத்தில் மூன்று வரும், பிறகு நாள் முழுக்க வராது. இது என்ன?

உன் எண் விளக்கம் புரிந்தது. நீ மனிதர்களோடும் இவ்வளவு பொறுமையாகப் பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

அண்ணி


மார்ச் 22

அண்ணிக்கு,

சின்னக் கடிதம்தான். பம்ப் எண் நான்கு தகராறு செய்கிறது.

'டிக்' என்பது வீட்டில் ஏதோ ஒன்று தானாகவே அணைந்து தானாகவே எரிவது. சூடாக்கும் பொருள் எதுவோ. சூடு ஏறியதும் உள்ளே ஒரு சுவிட்ச் விலகும், ஆறியதும் சேரும். ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தில் ஒரு உதறல். அண்ணன் வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் 'டிக்' வருகிறதா என்று பாருங்கள். எனக்கு அவர்மேல்தான் சந்தேகம். சின்ன வயதில் வீட்டு ஃப்யூஸை எரித்த மூன்று தடவையில் இரண்டு தடவை அவர்தான் எரித்தார். பெயர் மட்டும் எனக்கு வந்தது.

இன்னொன்று. வெளியிலிருந்து நெட்வொர்க் வந்து சேரும் இடமாக ஹாலில் நான் வைத்த இரும்புப் பெட்டியிலிருந்து உங்கள் மேஜைக்கு வரும் வயரின் இரண்டு தலையையும் பாருங்கள். கண்ணாடிபோல இருக்கும் பிளாஸ்டிக் தலையா, அல்லது பளபளவென்று உலோகம் சுற்றிய தலையா? இரண்டு முனையும் பார்க்க வேண்டும். ஊகித்து எழுத வேண்டாம்.

ஃப்யூஸ்


மார்ச் 29

ஃப்யூஸுக்கு,

உன் அண்ணன் கையும் களவுமாகப் பிடிபட்டார்.

படுக்கையறையில் முதுகுக்குக் கீழே ஒரு மின்சாரப் பட்டையை வைத்துக்கொண்டு படுத்திருந்தார். சூடு கொடுக்குமாம். வாங்கி நான்கு மாதம் ஆகிறது. முதுகுவலி என்றால் நான் நடக்கச் சொல்வேன், குனிந்து நிமிரச் சொல்வேன் என்று மறைத்து வைத்திருக்கிறார். அவர் போர்வைக்குள் கையை விட்டுப் பட்டையைப் போடச் சொல்லிவிட்டு, நான் போய் ஹெட்போனை மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் 'டிக்'. "ஏங்க!" என்று கத்தினேன். அங்கிருந்து, "நான் ஒண்ணும் பண்ணலையே!" என்று குரல் வந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பத்து மாதத்தில் இந்த அறையில் நான் சிரித்தது அன்றுதான். பட்டையை இனி நான் வேலை செய்யாத நேரத்தில் மட்டும் போட்டுக்கொள்வார். காலையில் நடக்கவும் போகிறார்.

வயரின் தலை உலோகம். இரண்டு முனையும். ஏன் கேட்டாய்?

கடைசிப் புத்தகம் வந்துவிட்டது. முப்பத்தொரு மணி நேரம் ஓடும் சரித்திரக் கதை. ஏப்ரல் 30க்குள் அனுப்ப வேண்டும். இந்த 'ஸ்ஸ்ர்ர்' இருக்கும்போது தொடங்க எனக்குக் கை வரவில்லை. முதல் அத்தியாயத்தில் பத்து நிமிடம் கேட்டேன். வாசிக்கிறவர் இழுக்கும் மூச்சு எது, வயரின் மூச்சு எது என்று பிரிக்க முடியவில்லை. மூடிவிட்டேன்.

சீக்கிரம் எழுது.

அண்ணி


ஏப்ரல் 4

அண்ணிக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். என் மேஜை ஒரு கேபிள் உருளை, அதைச் சுற்றிலும் கசங்கிய தாள். ஐந்தாவது தடவை பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

பிழை என்னுடையது.

அந்த வயரைச் சுற்றி ஓர் உலோக உறை இருக்கிறது. வெளி இரைச்சல் உள்ளே போகாமல் காக்கத்தான் அது. தளத்தில் நான் போடும் எந்த வயரிலும் அந்த உறையை ஒரு முனையில்தான் எர்த்தோடு இணைப்பேன். மறு முனையை வெட்டி, டேப் சுற்றி, எதையும் தொடாமல் விடுவேன். இரண்டு முனையிலும் இணைத்தால் காவலுக்கு வைத்த உறையே பாதையாகிவிடும். வீட்டில் உள்ள கண்ட குப்பை மின்சாரமும் ஓர் எர்த்திலிருந்து இன்னோர் எர்த்துக்கு அதன் வழியே ஓடும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே நான் தொண்டை கிழியச் சொல்வது இதுதான்.

உங்கள் வீட்டுக்கு உசத்தியான வயராகப் போட வேண்டும் என்று, கடையிலேயே தலை மாட்டி வந்ததை வாங்கினேன். உலோகத் தலை, இரண்டு பக்கமும். ஹாலில் உள்ள இரும்புப் பெட்டிக்கு எர்த் உண்டு, உங்கள் மேஜைப் பெட்டிக்கும் எர்த் உண்டு. செருகியதும் இரண்டும் சேர்ந்துவிட்டன. நானே வயரை வெட்டித் தலை மாட்டியிருந்தால் கை தானாகவே ஒரு முனையை விட்டிருக்கும். ரெடிமேடாக வந்ததால் கையும் யோசிக்கவில்லை, மண்டையும் யோசிக்கவில்லை. ஆறு வருடப் பெருமையை மலைக்குள் வைத்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

அன்று சொன்னதும் வேடிக்கைக்கு அல்ல. மூன்று நாள் முட்டிபோட்டு அந்த வீட்டில் வயர் இழுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் சுவரைத் தடவிப் பார்த்து மெச்சினார்கள். நீங்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ஏதோ இரைச்சல் வருதே" என்றீர்கள். என் மீட்டரில் தெரியாத ஒன்றை நீங்கள் வெறும் காதால் கண்டுபிடித்துவிட்டீர்கள், அதுவும் எல்லோர் முன்னாலும். பொறுக்கவில்லை. எது சொன்னால் உங்களுக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் அண்ணி.

தனியாக ஒரு பார்சல் வருகிறது. அதில் பிளாஸ்டிக் தலை வயர் ஒன்று இருக்கும். முதலில் அதை மாட்டிப் பாருங்கள், பெரும்பகுதி போய்விடும். மிச்சமும் போக வேண்டுமென்றால் இரண்டு சின்னப் பெட்டிகளும் தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழையும் இருக்கின்றன. ஒரு பெட்டி எண்களை ஒளியாக்கி இழைக்குள் அனுப்பும், இன்னொன்று ஒளியை மறுபடி எண்களாக்கும். கண்ணாடியில் மின்சாரம் போகாது, எனவே குப்பையும் போகாது. மேஜைப் பக்கத்துப் பெட்டியை அடாப்டரில் போடாதீர்கள். கூடவே உள்ள பவர்பேங்கில் போடுங்கள், இல்லாவிட்டால் வாசலில் விரட்டியதைக் கொல்லை வழியாக அழைத்த மாதிரி ஆகிவிடும்.

இழையை மடிக்கக் கூடாது, முறிந்துவிடும். இரண்டு இழை அனுப்பியிருக்கிறேன். அண்ணனை எனக்குத் தெரியும்.

ஃப்யூஸ்


ஏப்ரல் 12

அன்புள்ள ஃப்யூஸுக்கு,

ஓர் இழை முறிந்தது. உன் அண்ணன் கதவிடுக்கில் அழகாக மடித்துத் திருப்பினார். இரண்டாவதை நானே போட்டேன்.

பிளாஸ்டிக் தலை வயரிலேயே முக்கால்வாசி போய்விட்டது. கண்ணாடி இழையைப் போட்டு, பவர்பேங்கைச் செருகி, ஹெட்போனை மாட்டினேன். முதலில் பெட்டி வேலை செய்யவில்லை என்று நினைத்துவிட்டேன். அவ்வளவு அமைதி. பிறகு அந்த முதல் அத்தியாயத்தை ஓடவிட்டேன். வாசிக்கிறவர் வாயைத் திறக்கும் முன் உதடு பிரிகிற சத்தம் கேட்டது. அவர் சட்டைக் கை மேஜையில் உரசுவது கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து எனக்காக வாசிப்பதுபோல இருந்தது. நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

மன்னிப்பு கேட்டாய். கொடுத்தாகிவிட்டது. அந்த வரியை உன் அண்ணனுக்கு மூன்று தடவை உரக்கப் படித்துக் காட்டினேன், அதையும் நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 13

மேலே உள்ளதை நேற்றே அனுப்பியிருக்கலாம். அனுப்பாமல் வைத்திருந்தேன்.

மார்ச் 16 கடிதத்தில் வயரை உருவியதும் 'ஸ்ஸ்ர்ர்' நின்றது என்று எழுதினேன். பொய் இல்லை. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. ஊசிபோல மெல்லிய ஒரு சீழ்க்கை. உன்னை ஜெயித்துவிட்ட மகிழ்ச்சியில் அதை எழுதவில்லை. மகிழ்ச்சியில் என்பதும் பூசி மெழுகுவதுதான். பயத்தில் எழுதவில்லை.

இன்று உன் அண்ணன் வேலைக்குப் போன பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். பெட்டியை அணைத்தேன். பிறகு வாசலில் உள்ள மெயின் சுவிட்சையும் அணைத்தேன். வீடு முழுக்க ஒரு பல்புகூட இல்லை, குளிர்பெட்டி ஓடவில்லை, மின்விசிறி நின்றுவிட்டது. பட்டப்பகலில் ஹால் நடுவில் நின்றுகொண்டு கேட்டேன். சீழ்க்கை இருந்தது. வலது காதில்.

ஆகவே நீ சொன்னது பாதி சரி.

போன் செய்யாதே என்றேனே, கோபத்தில் என்று நினைத்திருப்பாய். பழக்கத்தில் போனை வலது காதில்தான் வைப்பேன், அதில் சொற்களின் ஓரம் எனக்குத் தேய்ந்து கேட்கிறது. நீ ஒன்று சொல்ல, நான் வேறொன்றைப் பதிலாகச் சொல்லி, நீ கண்டுபிடித்துவிடுவாயோ என்று பயந்தேன். என் அம்மாவுக்கு ஐம்பது வயதில் காது போனது. எனக்கு நாற்பத்தொன்பது.

பதினேழு நாள் இருக்கிறது. முப்பத்தொரு மணி நேரம் பாக்கி. இப்போது வயரைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. வேலையை நானே விட்டுவிடுகிறேன் என்று எழுதிவிடலாமா? அவர்கள் சொல்லி விடுவதைவிட அது மேல். உன் அண்ணனிடம் சொல்லாதே.

அண்ணி


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணிக்கு,

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் அந்தக் கடிதத்தை நானே தபால்காரரிடமிருந்து பிடுங்கிக் கிழிப்பேன். எழுதாதீர்கள்.

நான் சொன்னது பாதி சரி இல்லை. முழுத் தவறு. அன்று உங்கள் காதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கல்லை எறிந்தேன், அது ஏற்கெனவே வலிக்கிற இடத்தில் பட்டிருக்கிறது. இத்தனை நாள் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள் என்று படித்ததும் எனக்கு வேலை ஓடவில்லை. பம்ப் அறையில் போய் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நான் தொழில் பேசப் போகிறேன், ஏனென்றால் எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

இங்கே ஒரு மட்டக்கருவி பழையதாகி, உண்மையைவிட இரண்டு புள்ளி கூடுதலாகக் காட்ட ஆரம்பித்தால் அதைத் தூக்கி எறிய மாட்டோம். எவ்வளவு தவறாகக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டு, அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டுவோம். படிக்கும்போது இரண்டு கழித்துக்கொள்வோம். ஆபத்தான கருவி எது தெரியுமா? எப்போது தவறாகக் காட்டும் என்று யாருக்கும் தெரியாத கருவிதான். இத்தனை நாள் உங்கள் நிலை அதுதான். வயரும் கத்தியது, முதுகுப்பட்டையும் கத்தியது, காதும் கத்தியது, எது எது என்று தெரியவில்லை. இப்போது வீடு அமைதியாகிவிட்டது. மிச்சம் இருப்பது எது என்று தெரியும், எந்தப் பக்கம் என்றும் தெரியும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். நீங்கள் குறித்த இடத்தைத் திரும்ப ஓட்டிக் கேட்பதில்லை என்று முதல் கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தீர்கள். வயரின் தலையை நான் திருப்பிப் பார்க்காத மாதிரிதான் இதுவும். நம் இரண்டு பேருக்கும் ஒரே வியாதி.

இனி, சந்தேகம் வந்த இடத்தை இரண்டாவது தடவை ஓட்டுங்கள். பதிவில் இருக்கும் சத்தம் அதே வினாடியில் மறுபடி வரும். காதின் சத்தம் தன் இஷ்டத்துக்கு வரும். அப்போதும் சந்தேகமா, ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டி இன்னொரு தடவை ஓட்டுங்கள். எப்படி மாட்டினாலும் வலப்பக்கமே நின்றால் அது உங்களுடையது. அதைக் குறிக்காதீர்கள். இடது காதுக்கும் அதே வினாடியில் கேட்டால் தயங்காமல் குறியுங்கள். நேரம் பிடிக்கும். சமையலை அண்ணனிடம் விடுங்கள். அவர் சமைத்ததைச் சாப்பிட்டு யாரும் செத்ததில்லை, மெலிந்ததுண்டு.

காது மருத்துவரிடம் போங்கள். இந்த வாரமே போங்கள். எங்கள் தளத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் காது பார்ப்பார்கள். பத்து நிமிட வேலை, வலிக்காது. போகாமலே பயப்படுவதுதான் நீளும்.

அண்ணனிடம் நான் சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்லுங்கள்.

ஃப்யூஸ்


ஏப்ரல் 29

அன்புள்ள ஃப்யூஸ்,

ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டேன். முப்பத்தொரு மணி நேரப் புத்தகம் எனக்கு எழுபது மணி நேரம் ஓடியது. நாற்பத்தாறு இடங்கள் குறித்தேன். முதல் நாள் திரும்ப ஓட்டும்போது யாரோ பின்னால் நின்று சிரிப்பதுபோல அவமானமாக இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. குறித்துவிட்டு அழித்தவை இருபத்திரண்டு, எல்லாம் என் வலது காதின் கைவரிசை.

மருத்துவரிடமும் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். பதினொரு வருடமாக நான் செய்வதும் அதுதானே என்று நினைத்ததும் பயம் பாதி போனது. வலது காதில் மேல் ஸ்வரங்கள் குறைந்திருக்கின்றனவாம். சீழ்க்கை அதனால்தான். முழுக்கப் போகுமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார். சின்னதாக ஒரு கருவி மாட்டினால் பேச்சு தெளிவாகக் கேட்கும் என்றார். மாட்டிக்கொள்ளப் போகிறேன். இடது காதைப் பார்த்துவிட்டு, "இது இருபது வயசுக்காரி காதுங்க" என்றார். அதை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

குறிப்புகளோடு மேலாளருக்கு ஒரு கடிதமும் வைத்தேன். வீட்டு வயரில் என்ன நடந்தது, என் வலது காதில் என்ன இருக்கிறது, இப்போது எப்படிக் கேட்கிறேன் என்று ஒளிக்காமல் எழுதிவிட்டேன். நீ சொன்ன அந்தச் சீட்டை நானே என்மேல் ஒட்டிக்கொண்டேன். தபாலில் போட்ட பிறகு ஒவ்வொரு வரியையும் மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இன்னும் ஓட்டுகிறேன்.

உன் அண்ணனிடமும் சொன்னேன். சாப்பாட்டு மேஜையில், எங்கெங்கோ சுற்றி வளைத்து, கடைசியில் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்தவே இல்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"ஆறு மாசமா நான் எந்தப் பக்கம் உக்கார்றேன்னு பாரு."

பார்த்தேன். என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் ஜன்னல் ஓரம்தான் எப்போதும் அவர் இடம். எப்போது மாறினார் என்று எனக்குத் தெரியவில்லை. நடக்கும்போதும் இடப்பக்கம், படுக்கும்போதும் இடப்பக்கம். ஊரார் மூச்சுவிடுவதையெல்லாம் வினாடி தவறாமல் குறிக்கிறவள், கூடவே இருக்கிறவர் இடம் மாறியதைக் கவனிக்கவில்லை. "ஏன் சொல்லல?" என்றேன். "நீ சொல்லலையே, அதான்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

அண்ணி


மே 5

அன்புள்ள அண்ணி,

அண்ணனைத் திட்டியதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இழையை முறித்ததைத் தவிர.

எனக்குப் பத்து நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது. மே 20 மாலை வருகிறேன். வந்ததும் ஹாலில் உள்ள இரும்புப் பெட்டியைக் கழற்றி எல்லா முனையையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். இந்தத் தடவை யாரையும் கூப்பிட்டுச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்லாதீர்கள்.

மேலாளரிடமிருந்து ஏதாவது வந்ததா? தினமும் தபால் பையைக் கொட்டிப் பார்க்கிறேன். நல்லதோ கெட்டதோ உடனே எழுதுங்கள்.

ஃப்யூஸ்


மே 13

அன்புள்ள ஃப்யூஸ்,

கடிதம் வரவில்லை. மேலாளர் போன் செய்தார். எடுத்து இடது காதில் வைத்துக்கொண்டேன்.

நாற்பத்தாறில் நாற்பத்தைந்து இடங்களை உடனே ஒப்புக்கொண்டார்களாம். ஒன்றை மட்டும், பத்தொன்பதாவது மணியில் வருவதை, வாசித்தவர் இல்லவே இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். மூன்று பேர் உட்கார்ந்து கேட்டும் தெரியவில்லை. நான்காவதாக ஒருவர் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டபோது கண்டுபிடித்திருக்கிறார். வாசித்தவரின் கைக்கடிகாரம். முள் நகர்கிற சத்தம். "அதைக் கழற்றி வெச்சுட்டு வாசிக்கச் சொல்லிட்டோம்" என்றார் மேலாளர்.

பிறகு என் விஷயத்துக்கு வந்தார். என் கடிதத்தைப் படித்தாராம். கேட்கும் வேலையில் இருக்கிற ஒருத்தர் இப்படி எழுதி அவர் பார்த்ததில்லையாம். எந்தப் பக்கம் சந்தேகம் என்று தெரிந்து வேலை செய்கிறவர்தான் தனக்கு வேண்டும் என்றார். இனி ஒரு புத்தகத்துக்கு இரண்டு மடங்கு நேரம் தருவதாகவும், அடுத்தது நாற்பது மணி நேரக் கதை, தயாராக இருக்கிறது, இருபதாம் தேதி தொடங்கிவிடுங்கள் என்றும் சொன்னார்.

இத்தனை நாள் எதற்காக நெஞ்சு பதைக்கக் காத்திருந்தேனோ அதையே கையில் கொடுக்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இருபதாம் தேதி முடியாதுங்க. என் நாத்தனார் வர்றா. அவ ஊருக்குப் போனப்பறம் ஆரம்பிக்கிறேன்."

அண்ணி